பெரியம்மா எண்ணிய மூச்சு

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், இனி காலெடுத்து வைக்க மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுப் போன வீட்டிலிருந்து உன் அப்பா எழுதுவது.

இந்தக் கடிதத்துக்கு முன்பே என் தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். தூக்க மாத்திரை சாப்பிடாதே, கடிதம் வருகிறது என்று கொடுத்திருந்தேன். படித்துவிட்டுச் சிரித்திருப்பாய். ஐந்து வருடம் பேசாத மனிதன் திடீரென்று ஒரு மாத்திரைக்குத் தந்தி அடிக்கிறானே, கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அறைத்தோழனிடம் சொல்லியிருப்பாய். தபால் ஆபீஸில் தந்தி வாங்கியவரும் அப்படித்தான் பார்த்தார். "இன்னா சார், தூக்க மாத்திரைக்கெல்லாமா தந்தி? சாவுக்குத்தான் குடுப்பாங்க," என்றார். "அது வரக்கூடாதுன்னுதான் குடுக்கறேன், அனுப்புங்க," என்றேன். அவர் சொற்களை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டார். இதற்கு முன் நான் உனக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். நான்கும் சண்டைக் கடிதங்கள். நீ பதில் போடாதது நியாயம்தான் என்று இன்று கூட நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. ஆனால் இது அந்த வகைக் கடிதம் அல்ல. இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்கு வரும் பங்கு அவ்வளவுதான், அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பூனாவில் கம்பெனி டாக்டர் உன்னைச் சோதித்ததில் ரத்த அழுத்தம் அதிகம் என்றாராம். எக்ஸ்ரேயில் இதயம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதாம். பகலில் வேலை நேரத்தில் கண் சொருகுகிறது என்று நீ சொன்னதால், இரவில் சரியாகத் தூங்குவதில்லை போலும் என்று அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். நீ தமாஷாக இன்னொன்றும் எழுதியிருந்தாய். உன் குறட்டை தாங்காமல் அறைத்தோழன் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டானாம். அம்மா அந்த இடத்தில் சிரித்தாள். பிறகு அவளே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.  நான் கடிதத்தைப் பிடுங்கி அந்த வரிகளை மறுபடி படித்தேன். பெரிய இதயம், பகல் தூக்கம், குறட்டை, மாத்திரை. இந்த நான்கும் வரிசையாக எனக்கு நடந்தவை. உன் பெரியப்பாவுக்குக் குறட்டையும் பகல் தூக்கமும் நெஞ்சு வலியும் இருந்தன. உனக்கு இருபத்தெட்டு வயது.

என் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு அதில் பாதி தெரியாது. தெரிந்த பாதியும் மற்றவர்கள் சொன்னது. முப்பது வருடம் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்தேன். சாட்சி பேசுவதை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதுவது என் வேலை. "அவன் கத்திய எட்த்துக்கினு ஓடியாந்தான் சாமி" என்று ஒருவன் சொன்னால், "எதிரி கத்தியுடன் ஓடிவந்ததை நான் பார்த்தேன்" என்று எழுதுவேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினால் சாட்சிக்கே தான் சொன்னதுதானா என்று சந்தேகம் வரும். ஆனாலும் ரேகை வைப்பான். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நான் ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்கு, நிலத்தகராறு வழக்கில், சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். பேனா வரியை விட்டு இறங்கித் தாளின் கீழ்வரை கோடு போட்டுக்கொண்டு போயிருந்தது. குறட்டைச் சத்தத்தில் முன்சீப் நிமிர்ந்து பார்த்து, "சாட்சிக்கு எங்கள் கிளார்க் மறுப்புத் தெரிவிக்கிறார்," என்றார். வக்கீல்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. ஒருமுறை அல்ல, பலமுறை அப்படி நடந்தது. நான் குடிக்கிறேன் என்று ஒருவன் சொன்னான். "ராத்திரி முழுக்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சறார் போலக் கீது," என்று இன்னொருவன் சொன்னான். எனக்கு வரவேண்டிய சிரஸ்தார் பதவி, கோர்ட்டு ஆபீஸின் தலைமை இடம், எனக்கு அடுத்து சேர்ந்தவனுக்குப் போயிற்று. என்னை நகல் பிரிவில் ஒரு மூலையில் போட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள் குடிக்காதவன் நான். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிறகு மாரடைப்பு. பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன். உனக்குத் தெரியும், நீ வரவில்லை. அதற்குப் பிறகு கால் வீங்கியது, நாலு தலையணை வைத்தால்தான் படுக்க முடிந்தது. கண்ணயர்ந்தால் யாரோ கிணற்றுக்குள் தலையை அமுக்குவதுபோல் திமிறிக்கொண்டு எழுவேன். இருதயக்காரனுக்கு ஓய்வுதான் மருந்து, நன்றாகத் தூங்கவேண்டும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானே மருந்துக் கடையில் போய்த் தூக்க மாத்திரை கேட்டேன். படித்த மனிதர், கோர்ட்டு ஐயா என்று சீட்டுக்கூடக் கேட்காமல் கொடுத்தான். பாதி மாத்திரையில் தொடங்கி இரண்டுக்கு வந்தேன். திமிறி எழுவது நின்றது. எனக்குப் பெரிய வெற்றி. "பாத்தியா, குழந்த மாதிரி தூங்கறேன்," என்று அம்மாவிடம் பெருமை அடித்தேன். அவள் தலையணைகளை எடுத்து அடுக்கினாள். எனக்குத் தலை காலையில் பாறாங்கல்லாக இருந்தது. உதடு கறுத்தது. இரண்டு மாதத்தில் வயிறு வரை நீர் ஏறிவிட்டது. மதராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இது நடந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

அங்கே ஒரு டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும். "உங்களுக்கு என்ன செய்கிறது" என்று மற்ற டாக்டர்கள் கேட்டதுபோல் அவள் என்னைக் கேட்கவில்லை. என்னைத் தாண்டி உன் அம்மாவைப் பார்த்து, "இவர் தூங்கும்போது எப்படிம்மா மூச்சு விடறார்?" என்றாள். நான் குறுக்கிட்டு, "நல்லாத்தான் தூங்கறேன் டாக்டர்," என்றேன். "நீங்க தூங்கிட்டு இருப்பீங்க சார், உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அவங்களைக் கேக்கறேன்," என்றாள். முப்பது வருடம் சாட்சிகளோடு வாழ்ந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. தன் தூக்கத்துக்குத் தூங்குபவன் சாட்சியாக முடியாது. கண்ணால் கண்ட சாட்சி பக்கத்தில் படுத்திருக்கிறது, அதை யாரும் கூண்டில் ஏற்றியதில்லை. உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நின்னு போவுதும்மா. மூச்சு நின்னு போவுது. எனக்கு பயமா கீது." இரண்டு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு அந்த டாக்டரம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்த பிறகு விளக்கினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. மூச்சு இரண்டு விதமாக நிற்கும். மல்லாந்து படுக்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து வழியை அடைத்துக்கொள்வது ஒன்று. நெஞ்சு இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று போகாது. கடைசியில் ஒரு உறுமலோடு அடைப்பு விடும். இன்னொன்று, இதயம் பலவீனமானவர்களுக்கு வருவது. மூச்சு பெரிதாகிப் பெரிதாகி, பிறகு சிறுத்துச் சிறுத்து, ஒரேயடியாக நிற்கும். அப்போது நெஞ்சும் அசையாது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மெல்லத் தொடங்கும். எனக்கு இரண்டும் இருந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உடம்பு பதறி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, ஏற்கெனவே நொந்த இதயம் மேலும் நோகிறது. நான் திமிறி எழுந்தேனே, அதுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மாத்திரை அந்தக் காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டது. "உங்களை எழுப்பிட்டிருந்த ஒரே ஆளுக்கு நீங்களே மயக்கமருந்து குடுத்திருக்கீங்க," என்றாள். இப்போது புரிகிறதா உனக்கு ஏன் தந்தி அடித்தேன் என்று?

மாத்திரையை நிறுத்தினார்கள். நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள். உப்பைக் குறைத்தார்கள். ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும் என்றார்கள். உன் அம்மா என் பனியன்களின் முதுகில் துணிப்பை தைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டாங்கச்சி வைத்துவிட்டாள். மல்லாந்தால் குத்தும், புரண்டு படுத்துவிடுவேன். இந்த வீட்டுக் கொடியில் காயும் பனியன்களைப் பார்த்தால் ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். இதெல்லாம் போதாமல் போனால் கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடச் செய்வார்களாம், பகலில் மூடிக்கொண்டு பேசலாமாம். அதற்கும் என் இதயம் தாங்குமா என்று பார்க்கவேண்டுமாம். எனக்கு வந்த இடம் இது. நீ இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை, உனக்கு இதயம் கொஞ்சம்தான் பெரிதாகியிருக்கிறது. அதனால்தான் கெஞ்சுகிறேன். கெஞ்சுகிறேன் என்ற சொல்லை இந்த வீட்டில் யாருக்கும் நான் எழுதியதில்லை.

இப்போது உன் பெரியப்பா. நீ இந்தப் பேச்சை நான் எடுக்கமாட்டேன் என்றுதான் நினைத்திருப்பாய். எங்கள் இருவருக்கும் பொதுக் கிணறு. மோட்டார் முறை ஆளுக்கு மூன்று நாள். ஒரு கோடையில் என் முறை நாளில் அண்ணன் மோட்டாரைப் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டார். கேட்டதற்கு, "நீ ஆபீஸ் போறவன், ஒனக்கு ஒரு நாளு போனா இன்னாடா? எனக்கு நாத்து காஞ்சிக்கினு கீதுடா," என்றார். என்னைப் படிக்கவைக்க ஏர் பிடித்தவர் அவர். அது எனக்கும் தெரியும். அதை அவர் சொல்லிக்காட்டியதாக எனக்குப் பட்டது. உண்மையில் அவர் சொல்லவே இல்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டது. அன்றிலிருந்து பதினோரு வருடம் பேசவில்லை. ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால் நான் வயலில் இறங்கி நடந்தேன்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில் உன் பெரியம்மா நம் வீட்டுக்கு வந்தாள். நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டே பேசினாள். அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. பிறர் பேச்சை நினைவு வைத்துக்கொள்வதே பிழைப்பாக இருந்தவனுக்கு மறக்கவும் தெரியாது.

"தம்பி, ஒங்க அண்ணனுக்குத் தூங்கசொல்ல மூச்சு நின்னு பூடுது. இருவது எண்ற வரைக்கும் காணோம். அப்பால ஒரு உறுமல் வுட்டுட்டு மறுபடி வருது. மாரு வேற வலிக்குதுன்றாரு. நீ படிச்சவன். பட்டணத்துல எந்த டாக்டராண்ட இட்டுக்கினு போலாம்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு."

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூச்சு நின்னா ஆள் செத்திருக்கணுமே. அண்ணன் செத்துட்டாரா?"

"அப்டிலாம் பேசாத தம்பி."

"கடிகாரம் வெச்சிப் பாத்தீங்களா?"

"கெடியாரம் ஏது நம்மாண்ட? வெரல மடக்கித்தான் எண்ணேன்."

"வேற யார் பாத்தாங்க?"

"புருசன் பொஞ்சாதி படுக்கிற எடத்துல வேற யாரு வந்து பாப்பாங்க?"

"அப்போ சாட்சி இல்லை," என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். வக்கீல்கள் சிரித்த அதே சிரிப்பு. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "சரி தம்பி, ஒனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆவுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் மூச்சு நிற்கிறது என்று சொன்னவளுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று அவள் பார்த்திருக்கிறாள்.

அண்ணன் நடவு நேரத்தில், பட்டப்பகலில், மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி போனார். அவர் கண்ணயர்ந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் கட்டைவிரலை இழுத்து இழுத்து எழுப்புவதை உன் பெரியம்மா வழக்கமாக வைத்திருந்தாள். அன்று அவள் கடைசி மடையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வழியில் போனவர்கள் குறட்டையைக் கேட்டார்கள். நின்றதையும் கேட்டார்கள். "கவலயில்லாத மன்சன், நல்லாத் தூங்கறாரு, சத்தம் போடாத வாங்க," என்று ஒதுங்கி நடந்திருக்கிறார்கள். தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது நம் ஜனங்களின் மரியாதை. சாவு வீட்டில், தூக்கத்திலேயே போன புண்ணியவான் என்று பேசிக்கொண்டார்களாம். எனக்குச் செய்தி வந்தபோது நான் கோர்ட்டில் இருந்தேன். போகவில்லை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, நீ போய்க் கொள்ளி வைத்தாய். அந்த வீட்டில் கொள்ளி வைத்தவன் இந்த வீட்டில் சோறு தின்னவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னேன். நீயும் பதில் சொல்லி அனுப்பினாய். காரியம் முடியும்வரை பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டு அங்கிருந்தே ரயில் ஏறினாய். என்னைக் கேட்காமல் நீ செய்தது தப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் என்னைக் கேட்டிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சண்டை நமக்குள் பாக்கி இருக்கட்டும். அதைப் போட நீ உயிரோடு இருக்கவேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிவிட்டேன். யாரோ கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் உன் பெரியம்மா கீழே உட்கார்ந்திருக்கிறாள். நரைத்துவிட்டாள். அம்மா உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் ஓடியிருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதலே அம்மா எனக்குத் தெரியாமல் அங்கே போய்வருகிறாள். மார்பைத் தட்டி எழுப்பினால் நான் பதறுவேன், கட்டைவிரலை இழுத்தால் பதறமாட்டேன் என்று கற்றுக்கொடுத்தது உன் பெரியம்மா. நான் யாரைச் சிரித்து அனுப்பினேனோ அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்த இரண்டு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இருவத்திரண்டு எண்ணேன் தம்பி. அதுக்கு மேல மனசு தாங்கல, இஸ்துட்டேன்," என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாதான் கேட்டாள், "அக்கா, நீங்க சொன்னத இவருகிட்டயும் சொல்லுங்க," என்று. அப்போது சொன்னாள். காரியம் முடியும்வரை நீ அங்கே படுத்திருந்தபோதே உன் மூச்சும் நின்றதாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாளாம்.

"அஞ்சு வருஷமா ஏன் அண்ணி சொல்லல?" என்று கத்தினேன். கத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"யாராண்ட சொல்றது? ஒரு தபா சொன்னேனே. சாட்சி கீதான்னு கேட்டாங்க. புள்ள வேற சின்ன வயசு, நல்லாத்தான் கீறான், நம்ம கண்ணுக்குத்தான் அப்டித் தெரியுதோன்னு வுட்டுட்டேன். தப்புதான் தம்பி."

தப்பு யாருடையது என்று உனக்குத் தெரியும். அவள் அப்போதே என்னிடம் வந்து சொல்லும்படி நான் இருந்திருந்தால், உன்னை அந்த வருடமே மதராஸ் அழைத்துப் போயிருக்கலாம். ஐந்து வருடம் உன் இதயம் தூங்கும்போதெல்லாம் அடிபட்டிருக்கிறது. அந்த ஐந்து வருடத்தையும் உன்னிடமிருந்து எடுத்தவன் நான். மன்னிப்புக் கேட்டால் நீ என்னைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவாய். வேண்டாம். மாத்திரையைப் பற்றி யோசி.

நீ செய்யவேண்டியது இதுதான். மாத்திரையை நிறுத்திவிடு. மல்லாந்து படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அறைத்தோழனை வராந்தாவிலிருந்து கூப்பிடு, காலில் விழுந்தாவது கூப்பிடு, ஒரு மணி நேரம் கடிகாரத்தோடு உன் பக்கத்தில் உட்காரச் சொல். மூச்சு நின்றால் எத்தனை விநாடி, நெஞ்சு அசைகிறதா இல்லையா என்று எழுதிவைக்கச் சொல். அந்தத் தாளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, அவனையும் கூட்டிக்கொண்டு போ. "உனக்கு என்ன செய்கிறது" என்று டாக்டர் கேட்டால் வாயை மூடிக்கொள், அவனைப் பேசவிடு. அல்லது இங்கே வந்துவிடு. அந்த டாக்டரம்மாவிடம் நானே அழைத்துப் போகிறேன். இந்த வீட்டில் தங்கவேண்டாம், பெரியம்மா வீட்டில் தங்கு. என்னிடம் பேசவேண்டாம், பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார். என் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது, சீக்கிரம் வா.

நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால் இன்று காலை உன் பெரியம்மாவை உட்காரவைத்து அவள் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டேன். பழக்கத்தில், "சாட்சி கூறுவதாவது" என்று தொடங்கினேன். "இன்னா எய்துற, படி," என்றாள். படித்தேன். "அது ஒன் பேச்சு. கொயந்தைக்கு என் கொரலு தெரியும். நான் சொல்றத எய்து," என்றாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு சாட்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கண்ணு, பெரிம்மா பேசறேன். ஒங்கப்பன் எய்திக்கினு கீறான். பெரிப்பா காரியம் முடியற வரைக்கும் நீ நம்ம வூட்டுக் கூடத்துலதான் படுத்துக்கினு இருந்த. எனக்கு ஏது தூக்கம், பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். நீ சோறு துன்னுட்டு சாஞ்சீன்னா மொதல்ல கொறட்ட. அப்பால நிக்கும். நான் வெரல மடக்குவேன். பாஞ்சி, இருவது. ஒரு வாட்டி இருவத்தாறு. அவருக்கு வந்த அதே உறுமலு. அவரு பூட்டாரு, அந்த மூச்சு மட்டும் இந்தப் புள்ளயாண்ட வந்து குந்திக்கிச்சான்னு ஒடம்பெல்லாம் நடுங்கிச்சி. கால் கட்டவெரல இசுப்பேன். நீ கண்ணத் தொறந்து 'இன்னா பெரிம்மா'ன்னுவ. 'கொசு கண்ணு, தூங்கு'ன்னுவேன். கொசு இல்ல கண்ணு. பதினாறு நாளும் அப்டித்தான் இஸ்தேன். பொய் சொல்லிட்டேன். ஒங்கப்பன் மேல கோவம் இருந்தா அத அப்பால பாத்துக்கலாம். மாத்திர மட்டும் வாணாம். வூட்டுக்கு வா, பெரிம்மா எண்றேன்."

எழுதி முடித்து, வழக்கப்படி வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். இடது கட்டைவிரலில் நான் பேனா மையைத் தடவும்போது கையை இழுத்துக்கொண்டாள்.

"பதினாறு நாளுன்னா எய்தின?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க."

"அது தப்பு, அட்ச்சிடு. பாஞ்சி நாளுதான். ஒரு நாளு எனக்கே கண்ணு சொருகிக்கிச்சி. அன்னிக்கு நீ எப்டித் தூங்கனேன்னு எனக்குத் தெரியாது கண்ணுன்னு எய்து."

பதினாறை அடித்துப் பதினைந்து என்று எழுதி, அந்த ஒரு நாளைப் பற்றி அவள் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன். பக்கத்தில் என் சுருக்கொப்பமும், கீழே அவள் ரேகையும் இருக்கின்றன. சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சரியென்று ஒப்புக்கொண்டாள். எழுதியவன், உன் அப்பா.